நனைந்த தானியமும் நனைந்த காரும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னரும் ஓர் இளைஞர் மட்டும் தூணருகே அமர்ந்திருந்தார். மடுகரையைச் சேர்ந்தவர், வளைகுடா நாட்டில் ஏழாண்டுகள் உழைத்து ஊர் திரும்பியவர். அது 2025ஆம் ஆண்டின் கோடைக்காலம். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்று தயங்கியபடி தொடங்கினார்.

வயது முதிர்ந்த தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வருவதற்காக, வெளியூரில் பழைய கார்களை விற்கும் ஒரு கடையில் அவர் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். ஒரே உரிமையாளர் வைத்திருந்த வண்டி என்றும், வீட்டு நிழலை விட்டு அதிகம் வெளியே போகாத வண்டி என்றும் கடைக்காரர் கூறியிருக்கிறார். வண்டியும் கண்ணாடிபோல் பளபளத்தது. இருபது நாட்கள் சென்றன. ஒரு நாள் நடுச்சாலையில் கார் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அடியில் காய்ந்த வண்டல் படிந்திருந்தது. இருக்கைகளின் அடிப்பாகம் துருவேறியிருந்தது. கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தக் கார் ஏதோ ஒரு வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த கார்!

கடைக்காரரிடம் திரும்பச் சென்றபோது, அவர் ரசீதின் அடியிலிருந்த ஒரு வரியைக் காட்டினாராம்: வண்டி உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது, பின்னர் வரும் குறைக்குக் கடை பொறுப்பன்று. அதன் கீழே இளைஞரின் கையொப்பமும் இருந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் திடுக்கிட வைத்தது. "என்னை ஏமாற்றித்தான் விற்றார்கள். நானும் இதைத் துடைத்து, மெருகேற்றி, ஒன்றும் சொல்லாமல் வேறொருவருக்கு விற்றுவிட்டால் குற்றமாகுமா? நான் போட்ட பணத்தைத்தானே எடுத்துக்கொள்கிறேன்?"

அன்பர்களே! இக்கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் அந்நகரை மீண்டும் நீரில் ஆழ்த்தியது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுக்க, பாகூர்ப் பகுதிக் கிராமங்களும் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களும் நீரில் தத்தளித்தன. ஒவ்வொரு வெள்ளத்திலும் கார்கள் மூழ்குகின்றன. காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு கொடுத்துக் கழித்துவிட்ட கார்கள் ஏலத்திற்கு வருகின்றன. அவற்றுள் சில, கழுவித் துடைக்கப்பட்டு, வெள்ளத்தின் சுவடே அறியாத வேற்றூர்ச் சந்தைக்கு வந்து நிற்கின்றன.

மழையின் மீது குற்றமில்லை

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். அக்குவியலுக்குள் தம் கையை நுழைத்துப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வணிகரை வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று அவர் விடையிறுத்தார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. தானியம் நனைந்ததற்காக அந்த வணிகர் கண்டிக்கப்படவில்லை. மழை இறைவனின் செயல். நனைந்த தானியத்தை விற்காதே என்றும் அவருக்குத் தடை விதிக்கப்படவில்லை. நனைந்ததைக் கீழே வைத்து, காய்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றமாயிற்று. குறையுள்ள பொருளுக்கும் ஒரு விலை உண்டு. அந்தக் குறையை அறிந்து வாங்க முன்வருபவரும் உண்டு. குறையை மறைத்து, குறையற்ற பொருளின் விலையைப் பெறுவதே ஏமாற்று.

பால் மடியைக் கட்டிவைத்த கால்நடையைப் பற்றிய நபிமொழியும் இத்தகையதே. சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டி விற்றுவிடுவார்கள். அவ்வாறு வாங்கியவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையெனில், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் கால்நடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்று காரின் ஓட்டத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்பி, ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியதை நாற்பதாயிரம் என்று காட்டுபவர், மடியைக் கட்டியவரின் வழியில்தான் நடக்கிறார்.

குறை கண்டால் திருப்பும் உரிமை

நம் சட்டக்கலை அறிஞர்கள் இதனைக் 'கியாருல் ஐப்' என்பர். குறை கண்டவிடத்து விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை என்பது பொருள். குறை விற்பனைக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வாங்கியவர் அதனை அறியாதிருந்திருக்க வேண்டும். அது பொருளின் விலையையோ பயனையோ குறைக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இவை அமைந்தால் பொருளைத் திருப்பி விலையை மீளப் பெறலாம். விற்றவருக்கே அந்தக் குறை தெரியாதிருந்தாலும் இவ்வுரிமை உண்டு. ஆனால் குறையை அறிந்த பின்னரும் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தினால், அவர் அதற்கு இசைந்துவிட்டதாகக் கொள்ளப்படும், உரிமை போய்விடும்.

அப்படியானால் 'உள்ளது உள்ளபடி' என்ற வரி? அதற்கும் முன்னோர் காலத்திலேயே தீர்ப்பு இருக்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணப்படும் வழக்கு இது. அக்காலத்தில் நிலவிய முறைப்படி ஓர் அடிமையை அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குத் தாம் பொறுப்பல்லர் என்ற நிபந்தனையோடு எண்ணூறு திர்ஹத்திற்கு விற்றார்கள். அவருக்கு நோய் இருப்பதாகவும் அது தமக்குச் சொல்லப்படவில்லை என்றும் வாங்கியவர் முறையிட்டார். கலீஃபா உதுமான் (ரலி) அவர்கள், நோய் இருப்பதை அறியாமல்தான் விற்றேன் என்று சத்தியம் செய்யும்படி இப்னு உமரைப் பணித்தார்கள். அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, விற்பனையை முறித்துக்கொண்டார்கள். அடிமை முறை இன்று ஒழிந்துவிட்டது. அத்தீர்ப்பின் நீதி ஒழியவில்லை. தெரிந்திருந்தும் சொல்லாதவரை ஒரு வரி நிபந்தனை காப்பாற்றாது என்பதே அந்நீதி.

இந்த நிபந்தனையின் எல்லை பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிரினங்களில், விற்பவரும் அறியாத உட்குறைக்கு மட்டுமே அது செல்லும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி மத்ஹபில் அதன் எல்லை விரிவானது. எனினும், அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

எல்லையின் இருபுறமும் இரு சட்டங்கள்

நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள மடுகரை, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய ஊர். சிறிது தூரம் நடந்தால் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இந்த எல்லை இரு அரசுகளை மட்டுமன்றி, இரு வணிகச் சட்டங்களையும் பிரித்து நின்றது.

1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு, விற்ற பொருளின் மறைந்திருக்கும் குறைகளுக்கு விற்றவரே பொறுப்பு என்று 1641ஆம் பிரிவில் கூறுகிறது. கண்ணுக்குத் தெரியும் குறைக்குப் பொறுப்பில்லை. மறைந்த குறை கண்டவர் பொருளைத் திருப்பி விலையைப் பெறலாம். அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைப் பெறலாம். குறையை அறிந்தே விற்றவர் இழப்பீடும் தர வேண்டும். கியாருல் ஐபுடன் இஃது எவ்வளவு நெருங்கி நிற்கிறது, பாருங்கள்!

எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் வகுத்த சட்டம் வேறு நெறியில் நின்றது. வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கியவன் பிறகு அழுது பயனில்லை என்பது போன்ற நெறி அது. புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த பின்னர், 1963ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து இந்தியப் பொருள் விற்பனைச் சட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தது. இன்று மடுகரைக்கும் விழுப்புரத்திற்கும் ஒரே சட்டம்தான்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் வாங்குபவரை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. அதன் 16ஆம் பிரிவில் விதிவிலக்குகள் உள்ளன. அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், இன்ன பயனுக்கு வேண்டும் என்று தெரிவித்து, அவருடைய தொழிலறிவை நம்பி வாங்கினால், பொருள் அப்பயனுக்குத் தகுந்ததாய் இருக்க வேண்டும். விவரணையைக் கொண்டு வாங்கினால், விற்பனைக்குத் தகுந்த தரமும் இருக்க வேண்டும். ஆனால் வாங்குமுன் ஆராய்ந்து பார்த்தவர், அந்த ஆராய்ச்சியில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளைப் பின்னர்த் தரக்குறைவென்று முறையிட இயலாது.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. வெறும் மௌனத்தை அது பொதுவாக மோசடியாகக் கொள்வதில்லை. அங்கே ஒரு குதிரையின் உதாரணம் தரப்பட்டுள்ளது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறவாதிருந்தால் மோசடி இல்லை. ஆனால், நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமாயிருக்கிறது என்றே கொள்வேன் என்று வாங்குபவர் சொல்ல, விற்பவர் மௌனம் சாதித்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமமாகிவிடும்.

இங்கேதான் மார்க்கத்திற்கும் நாட்டுச் சட்டத்திற்கும் உள்ள இடைவெளியைக் காண்கிறோம். கேட்காவிட்டாலும் சொல் என்று மார்க்கம் விற்பவருக்குக் கட்டளையிடுகிறது. கேட்டு வைத்துக்கொள் என்று சட்டம் வாங்குபவருக்கு அறிவுறுத்துகிறது. ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டும்: இது வெள்ளத்தில் மூழ்கியதா? விபத்தில் சிக்கியதா? காப்பீட்டில் கழிக்கப்பட்டதா? மீட்டர் மாற்றப்பட்டதா? விடையை எழுத்தில் பெற வேண்டும். பொய் விடை எழுதித் தந்தவருக்கு எதிராக அந்தத் தாளே சாட்சி சொல்லும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய, புதுப்பித்த பொருளைப் புதியதென்று காட்டி விற்பதை அது நேர்மையற்ற வணிகமென வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. கோவாவில் நிகழ்ந்த ஒரு வழக்கை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டு தயாரான, ஏற்கனவே ஓடிய கார் ஒன்றைப் புதிய காரென்று 2011இல் விற்றார் ஒரு முகவர். நுகர்வோர் மன்றங்கள் வாங்கியவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முகவரின் செயலை அறியாத தயாரிப்பாளரை 2021இல் அந்நீதிமன்றம் விடுவித்தது. முகவரின் பொறுப்போ நிலைத்தது.

தொழிலாக விற்பவரிடம் வாங்கியவர்க்கே நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்திருக்கிறது. தம் சொந்தக் காரை விற்கும் தனிமனிதர் வணிகர் அல்லர். அவர்மீது உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும். வேண்டுமென்றே ஏமாற்றியது தெளிவானால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலும் முறையிடலாம்.

பிற நாடுகள் இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கின்றன. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள விதி, பழைய கார்களுக்கும் பொருந்துகிறது. வாங்கிய ஆறு மாதத்திற்குள் குறை தோன்றினால், அது விற்கும்போதே இருந்தது என்று கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவரின் சுமை. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய பழைய கார் தரம் குறைந்ததாயின் 30 நாட்களுக்குள் திருப்பிவிடலாம். நம் நாட்டில் பழைய கார்களுக்கென்று இத்தகைய தனிச்சட்டம் இல்லை. குறையை மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவரின் தோளில்தான் இருக்கிறது.

மறைந்த குறை காகிதத்திலும் உண்டு

மற்றொரு குறையை நம் எல்லைப் பகுதியினர் மறந்துவிடலாகாது. இயந்திரம் நன்றாயிருந்தும் ஆர்.சி. புத்தகம் பழுதாயிருக்கலாம். அதில் வங்கியின் அடமானம் நீக்கப்படாதிருந்தால், முந்தைய உரிமையாளரின் கடன் வண்டியோடு சேர்ந்து வரும். புதுச்சேரிப் பதிவெண் கொண்ட காரைத் தமிழ்நாட்டில் வசிப்பவர் வாங்கினால், தடையின்மைச் சான்று பெற்று அங்கே மறுபதிவு செய்து வரியும் செலுத்த வேண்டும். விலை குறைவென்று மகிழ்ந்து வாங்கியவர்கள் இந்த வரியைக் கண்டு பின்னர் வருந்துவதுண்டு.

விற்பவர்க்கும் இதில் எச்சரிக்கை இருக்கிறது. பெயர் மாற்றம் பதிவாகாதவரை, பதிவேட்டில் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதியும் நடப்பில் இருக்கிறது. அங்கீகாரச் சான்று உண்டா என்று கடைக்காரரைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

இளைஞருக்குக் கூறிய விடை

நான் அந்த இளைஞரிடம் கூறியது இதுதான்: "தம்பி, உம்மை ஏமாற்றியவர் ஒருவர், நீர் ஏமாற்ற நினைப்பவர் வேறொருவர். அவர் உமக்கு எந்தக் கடனும் பட்டவர் அல்லர். உம்முடைய நஷ்டத்தை, அதை ஏற்படுத்தியவரிடம் கேளும். அடுத்து வரும் ஏழையிடம் வசூலிக்காதீர்."

அவ்வாறு கேட்பதற்கான வழிகளையும் எடுத்துரைத்தேன். காரை மேலும் ஓட்ட வேண்டாம். உடனே பழுது பார்க்கவும் வேண்டாம். பழுது நீங்கினால் சான்றும் நீங்கிவிடும். மெக்கானிக்கிடம் எழுத்து மூலம் அறிக்கை பெற்று, வண்டலையும் துருவையும் படம் எடுத்து வைக்க வேண்டும். கடைக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் இணங்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வெளியூரில் வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் புதுச்சேரியிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. இரண்டாண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ஒப்பமிட்ட அந்த ஒரு வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம். மோசடிக்கு அது கேடயமாகாது.

ஒரு சொல் மெக்கானிக்குகளுக்கும் தரகர்களுக்கும் உண்டு. நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஉ (ரலி) அவர்கள், ஒட்டகம் ஒன்றை வாங்கிச் செல்பவரைக் கண்டு, அதன் குளம்பிலுள்ள குறையை எடுத்துரைத்தார்கள். விற்பனையைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் சினந்தபோது, குறையை அறிந்தவர் சொல்லாதிருப்பது ஆகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை நினைவூட்டினார்கள். அந்த விற்பனையில் வாஸிலா (ரலி) அவர்களுக்கு ஒரு காசும் பங்கில்லை; தெரிந்திருந்தது என்பதே அவர்களைப் பேச வைத்தது. தரகுப் பணத்திற்காக, நல்ல வண்டி என்று தலையசைப்பவர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

சில மாதங்களுக்குப் பின் அந்த இளைஞரை மீண்டும் சந்தித்தேன். புகார் ஆணையத்தின் முன் இருக்கிறது. கார் வீட்டு வாசலில் நிற்கிறது. பாகூரிலிருந்து ஒருவர் வந்து, நல்ல விலைக்குக் கேட்டாராம். இவர் கதவைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, வண்டல் படிந்த தரையைக் காட்டியிருக்கிறார். வந்தவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தேநீர் அருந்திவிட்டுப் போய்விட்டாராம். "அந்த மூன்று லட்சம் அன்றைக்கே கைக்கு வந்திருக்கும், ஹஜ்ரத்" என்றார். குரலில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆயினும் நனைந்ததை அவர் மேலே எடுத்து வைத்துவிட்டார்.

நம் கொடுக்கல் வாங்கலில் வாய்மையையும், வாய்மையாளரின் பொருளில் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.